வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

வீட்டில் அவனைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே கிளம்பினால் கதவை இழுத்துப் பார்ப்பான், நாலு படி இறங்குவான், திரும்ப ஏறி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பான். சின்ன வயதில் தங்கை வைத்த பெயர் அது. இப்போது நாற்பத்துமூன்று வயது, இருபது வருடமாக லிப்ட் மெக்கானிக், இன்னும் பூட்டுதான். அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஒரு திருகாணியை இரண்டு முறை பார்க்காத மெக்கானிக், லிப்ட் தொழிலில் ஒன்று வேலையை விட்டிருப்பான், இல்லையென்றால் உலகத்தையே விட்டிருப்பான்.

அவனுக்குக் கம்ப்யூட்டர்ப் பெட்டிப் பைத்தியம் பிடித்தது, போகிற இடமெல்லாம் காட்டிக்கொடுக்கிற கம்பெனி போனால். ஒரு நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "நேத்து மூணு மணிக்கு டீக்கடையில பதினெட்டு நிமிஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். டீக்கடையில் மனுஷன் என்ன செய்வான், டீதான் குடிப்பான். ஆனால் அந்தப் பதினெட்டு பூட்டின் மண்டைக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது. இவர்களுக்கே இவ்வளவு தெரிகிறதென்றால், போனில் இருக்கிற குடும்பப் படங்கள், அப்பாவின் மருத்துவச் சீட்டுகள், மனைவியின் கடிதங்கள் எல்லாம் எந்த ஊரில் எவன் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன? எவன் புரட்டிக்கொண்டிருக்கிறான்?

அந்தக் கேள்விக்குப் பதிலாக, ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று பைக்கின் பின்னால் கட்டப்பட்டு வீட்டுக்கு வந்தது. ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டினான். இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துத் தொலைத்தான், மூன்றாவது முறை நின்றது. அன்றிலிருந்து குடும்பத்தின் படங்களும் காகிதங்களும் வேறெங்கும் இல்லை, சமையலறைக்குப் பக்கத்து அலமாரியில், அந்தப் பெட்டிக்குள். வீட்டார் போனில் ஒரு படம் எடுத்தால் அது தானாகவே பெட்டிக்கு வந்துவிடும். பெட்டியின் கதவு யாருக்குத் திறக்க வேண்டும் என்பதை அவன்தான் முடிவு செய்வான். சர்வர் என்று அவன் சொல்வான்; மற்றவர்களுக்குப் பெட்டி.

"இந்த வீட்ல எனக்கு ஒரு ஏசி கிடையாது. அதுக்கு மட்டும் உள்ளேயே ரெண்டு ஃபேன்" என்பாள் மனைவி. பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்ப்பதால் அவள் வாய்க்கு வீட்டில்தான் விடுதலை.

தங்கையின் கல்யாணத்துக்குப் பிறகுதான் பெட்டியின் அருமை தெரிந்தது. மாப்பிள்ளை ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளர். தேன் ஒழுகப் பேசுவார். மாமா, மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிடுவார். தன் வீட்டுக்குள் போனால் தங்கையின் போனை வாங்கி யாரிடம் பேசினாள், எத்தனை நிமிடம் பேசினாள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடைக்குப் போய்வர எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துக்கொண்டு உட்காருவார். முதலில் கேள்வி, பிறகு கத்தல், பிறகு கை. தங்கையின் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனபோது "குளியலறையில வழுக்கிட்டா மாமா" என்று அவரேதான் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னார். பூட்டின் வீட்டில் எல்லாரும் அதை நம்பினார்கள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நம்பினார்கள்.

ஏழு மாதத்துக்கு முன் தங்கை ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கே போனாள் என்று தெரிந்தவன் பூட்டு ஒருவன்தான். தொலைவான ஓர் ஊரில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. குழந்தைக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். புதுப் போன், புது நம்பர் எல்லாம் அவன் ஏற்பாடு. படம் எடுத்தால் இடம் பதியாதபடி அவனே நிறுத்திக் கொடுத்தான். பெட்டியில் இருந்த மாப்பிள்ளையின் கணக்கை அன்றே அழித்தான். ஆபத்து என்றால் யாரிடமாவது சொல்லி அனுப்ப ஒரு வாக்கியம்கூட வைத்துக்கொண்டார்கள்: 'பெட்டி திறந்திருக்கு.' அதைக் கேட்டால் தங்கை கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குழந்தையோடு கிளம்ப வேண்டும். வைக்கும்போது இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு தங்கைக்கும் இந்த வீட்டுக்கும் இருந்த ஒரே பாலம் அந்தப் படங்கள்தான். குழந்தை வளர்வதை அவர்கள் பெட்டியில்தான் பார்த்தார்கள். அப்பாவுக்கு அதுதான் காலைக் காபி. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த ஊர் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அப்பாவின் பெருந்தன்மை என்று பூட்டு நினைத்துக்கொண்டான்.

அன்று சனிக்கிழமை, காலை பத்தே முக்கால். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னலோரம் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பூட்டு மடிக்கணினியைத் திறந்து, பெட்டியில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் தங்கை ஆறு படங்கள் அனுப்பியிருந்தாள். குழந்தைக்கு முன்பல் விழுந்திருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று அந்த ஓட்டையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

பெட்டியில் வரைபடம் என்று ஒரு பக்கம் உண்டு. எந்தப் படம் எங்கே எடுத்தது என்று சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டும். தங்கை இருக்கிற ஊர்ப் பக்கம் ஏழு மாதமாகத் துடைத்துவிட்ட தரைபோல வெறுமையாக இருக்கும். கதவை இழுத்துப் பார்க்கிற அதே பழக்கத்தில் அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தான்.

அங்கே ஒரு புள்ளி இருந்தது. புள்ளிக்குள் ஆறு என்ற எண்.

விரலால் பெரிதாக்கினான். ஊர் வந்தது, தெரு வந்தது, பள்ளிக்கூடத்தின் வாசல் வந்தது.  உடனே விஷயம் பிடிபட்டது. வியாழக்கிழமை தங்கை எழுதியிருந்தாள்: பழைய போன் வீட்டில் சோப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டது, கடையில் வேறு ஒன்று வாங்கிவிட்டேன், உன்னைத் தொந்தரவு செய்யாமல் எல்லாம் நானே போட்டுவிட்டேன். அவன் 'சபாஷ்' என்று பதில் எழுதியிருந்தான். சபாஷ் எழுதிய நேரத்தில் இட விவரத்தை நிறுத்தினாயா என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரெல்லாம் கதவை இழுத்துப் பார்ப்பவன் அந்த ஒரு கதவை இழுத்துப் பார்க்கவில்லை.

பரவாயில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். இந்தப் படங்களை யார் பார்க்க முடியும்? நான், மனைவி, அப்பா. வெளியாள் யாரும் கிடையாது. ஆனாலும் யார் யார் கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தான். அவன் பெயரில் இரண்டு. மனைவி பெயரில் ஒன்று. தங்கை பெயரில் அந்தப் புதுப் போன். அப்பா பெயரில் இரண்டு: ஒரு போன், ஒரு டேப்லெட். டேப்லெட்டைக் கடைசியாகப் பயன்படுத்தியது இன்று காலை ஆறு ஐம்பத்தெட்டு.

இந்த வீட்டில் டேப்லெட் கிடையாது.

"அப்பா, காலையில படம் பாத்தீங்களா?"

"இல்லப்பா. என் போன் நேத்துலேருந்து சார்ஜ் இல்லாம கிடக்கு" என்றார் அப்பா, காகிதத்திலிருந்து தலை தூக்காமல்.

அப்போதுதான் பூட்டுக்கு அது ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், தங்கை வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக ஒரு பழைய டேப்லெட்டுக்குத் தானே மரச்சட்டம் அடித்துக் கொடுத்திருந்தான். பெட்டியில் வருகிற குடும்பப் படங்களை நாள் முழுக்க மாற்றி மாற்றிக் காட்டும். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற பொருள் மச்சான் பெயரில் போனால் நன்றாக இருக்காது, மாமனார் பெயரில்தான் போக வேண்டும் என்று அப்பா அடம் பிடித்தார். சரி என்று அப்பாவின் கணக்கிலேயே அதைத் திறந்து கொடுத்தான். ஏழு மாதத்துக்கு முன் மாப்பிள்ளையின் கணக்கைத் தேடித் தேடி அழித்தவனுக்கு, மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் அப்பா பெயரில் ஒரு ஜன்னல் திறந்தே கிடப்பது தோன்றவில்லை.

பதிவேட்டைத் திறந்தான். பெட்டியை யார் எப்போது தட்டினாலும் அது அந்தப் பதிவேட்டில் விழும். அந்த டேப்லெட் தினமும் காலை ஏழுக்கு ஐந்து பத்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு பக்கத்தைத்தான் திறந்திருந்தது. வரைபடம். நேற்று, முந்தாநாள், போன வாரம், போன மாதம். இருநூறு காலைகளுக்கு மேல் அந்த மனிதர் பல் துலக்கிய கையோடு வந்து சுவர் முன்னால் நின்று, புள்ளி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று ஆறு ஐம்பத்திரண்டுக்குத் திறந்திருக்கிறது. ஆறு நிமிடம் பார்த்திருக்கிறது. பிறகு எதுவும் இல்லை.

"அப்பா, அந்த டேப்லெட்" என்றான் பூட்டு. குரல் அவனுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "மாப்பிள்ளை வீட்டுச் சுவத்துல மாட்டினது. அதுல இன்னும் படம் வருது."

அப்பா பேனாவை மூடினார். ஆச்சரியப்படவில்லை. அந்த ஆச்சரியமில்லாத முகத்தைப் பார்த்ததும் மனைவி கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"படம்தானேம்மா" என்றார் அப்பா. "நாலு மாசத்துக்கு முன்னாடி போன் பண்ணினார். அழுதார். பொண்ணு முகத்தையாவது பாத்துக்கறேன், அதை நிறுத்திடாதீங்க மாமான்னார். பெத்தவன் இல்லையா? முகத்தைத்தானே கேக்கறான்னு விட்டுட்டேன். படத்துல ஊர் எங்க தெரியப்போகுது?"

மாப்பிள்ளை நன்றாக அழுவார். அந்தத் திறமையில் அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பூட்டு ஒரே அழுத்தில் டேப்லெட்டின் தொடர்பைத் துண்டித்தான். அதனால் இனி ஒரு பயனும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். கணக்குப் போட்டான். மாப்பிள்ளையின் ஊரிலிருந்து அந்தப் புள்ளிக்குக் காரில் ஐந்து மணி நேரம். ஏழு மணிக்குக் கிளம்பியிருந்தால் பன்னிரண்டு, பன்னிரண்டேகால். சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுவது பன்னிரண்டரை. இங்கிருந்து அங்கே போக ரயிலில் ஆறு மணி நேரம். இப்போது மணி பதினொன்று.

"அவர் கிளம்பலன்னா?" என்றாள் மனைவி. "மாமா, நீங்க போன் போடுங்க. சாதாரணமா பேசுங்க."

அவள் தன் போனை அப்பா கையில் திணித்து ஒலியைக் கூட்டினாள். இரண்டாவது மணியிலேயே மாப்பிள்ளை எடுத்தார். முதலில் காற்று இரைகிற சத்தம், அதற்குப் பின்னால் லாரி ஹாரன். "நான்தான் மாப்பிள்ளை, மாமா" என்றார் அப்பா.

"சொல்லுங்க மாமா. ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"எங்க மாப்பிள்ளை, வெளியூரா?" என்றார் அப்பா.

"ஒரு சின்ன வேலை மாமா. முடிச்சிட்டு நல்ல சேதியாச் சொல்றேன். உடம்பைப் பாத்துக்கங்க."

இணைப்பு அறுந்தது. அப்பா போனை மருமகளிடம் திருப்பிக் கொடுத்தார்.

பூட்டு தன் போனை எடுத்தான். தங்கைக்குப் போட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. சலவைக்கூடத்துக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது, வெளியே பூட்டிய அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வேலை முடிய இரண்டு மணி. பக்கத்து வீட்டம்மாதான் பள்ளி வாசலில் குழந்தையை வாங்கிக்கொள்வாள், அவள் நம்பர் அவனிடம் இல்லை. மனைவி தன் போனில் போலீசைப் பிடித்தாள். அந்தப் பக்கம் இருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டு, "ஆள் கிடைச்சதும் அனுப்பறோம்மா" என்றார். எப்போது கிடைப்பான் என்று சொல்லவில்லை.

அடுத்தது பள்ளிக்கூடம். ஒரு பெண் எடுத்தாள். பூட்டு மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான்: நான் குழந்தையின் தாய்மாமன், குழந்தையின் அப்பா வருகிறார், அவரிடம் அனுப்பாதீர்கள், உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படி ஒரு குழந்தை இங்க படிக்குதான்னே நான் உங்களுக்குச் சொல்ல முடியாது சார்" என்றாள் அவள்.

"மேடம், உயிர் போற விஷயம்."

"இருக்கலாம் சார். போன்ல யார் வேணா மாமான்னு சொல்லலாம். எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. யார் கேட்டாலும், சொந்த அண்ணன்னு சொன்னாலும், எதுவும் பேசக் கூடாதுன்னு. நேர்ல அடையாள அட்டையோட வாங்க."

போன் வைக்கப்பட்டது. எழுதிக் கொடுத்தது தங்கை. சொல்லிக் கொடுத்தவன் இவன். 'சொந்த அண்ணன் என்று சொன்னாலும்' என்ற வரியை இவன்தான் போனிலேயே எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதவைத்தான். பூட்டு நன்றாகப் போட்ட பூட்டுக்கு வெளியே பூட்டே நின்றுகொண்டிருந்தான். மனைவிக்குக்கூடக் கிண்டல் வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பொது நம்பரில் ஒரு பாட்டு ஓடியது. நீங்கள் வரிசையில் ஒன்பதாவது என்றது ஒரு குரல். மணி பதினொன்று பதினெட்டு. வரிசையில் ஏழாவது. பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

இருபது வருடம் லிப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் தொங்கியவனுக்கு, சிக்கிக்கொண்டால் எங்கே பிடிமானம் என்று தேடுகிற பழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி. சலவைக்கூடம். அழுக்குத் துணி மூட்டைகள் மாடி மாடியாக எதில் இறங்கும்? சரக்கு லிப்டில். எந்த லிப்டானாலும் உள்ளே சுவரில் ஓர் அவசர போன் உண்டு. மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அமுக்கினால் கம்பெனிக்கு வரும். அதே போனுக்கு வெளியிலிருந்தும் அடிக்கலாம், அடித்தால் யாரும் எடுக்கத் தேவையில்லை, தானே திறந்துகொள்ளும். அந்த ஆஸ்பத்திரியின் லிப்ட் அவனுடைய கம்பெனியின் லிப்ட். தங்கைக்கு அந்த ஊரை அவன் தேர்ந்தெடுத்ததே, பழுது பார்க்க ஒரு தடவை அங்கே போய் வந்ததால்தான்.

கம்பெனிக் கட்டுப்பாட்டு அறையில் சனிக்கிழமை உட்காருகிறவரை எல்லாரும் மூணு ஹலோ என்பார்கள். போன் எடுத்தால் மூன்று தடவை ஹலோ சொல்லாமல் அவருக்குப் பேச்சு வராது.

"ஹலோ, ஹலோ, ஹலோ."

"அண்ணே, நான்தான். ஒரு ஆஸ்பத்திரி சரக்கு லிப்ட்டோட உள் நம்பர் வேணும்." ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னான்.

"பழுதா? புகார் எதுவும் வரலையே."

"பழுது இல்ல. எனக்கு வேணும்."

"உனக்குன்னா? அது குடுக்கக் கூடாது, தெரியுமில்ல? உள்ள பேசறதெல்லாம் கேக்கும். போன வருஷம் ஒருத்தனுக்கு இதுக்குத்தான் வேலை போச்சு."

"தெரியும்ணே. தங்கச்சிக்கு ஆபத்து."

 அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஒலி. மூணு ஹலோ எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். "நான் சொல்லல" என்று முடித்தார்.

பூட்டு அடித்தான். ஒரு சொடுக்கு. லிப்ட் ஓடுகிற இரைச்சல், அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லக்கூடிய இரைச்சல். அதற்கு நடுவில் ஒரு பெண் குரல், ரொம்பத் தாழ்ந்து:

"யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. இப்ப மூணு மாசம். தெரிஞ்சா என்னைப் பாரம் தூக்க விடமாட்டாங்க, வேலையை விட்டு நிறுத்திடுவாங்க."

அவன் வாழ்க்கையில் அதுபோலக் கூச்சப்பட்டதில்லை. வீட்டுக்குள் ஒரு ஈ நுழைந்து பார்த்துவிடக் கூடாது என்று பெட்டி கட்டியவன், முன்பின் தெரியாத ஒருத்தியின் வயிற்று ரகசியத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் வேறு வழி இல்லை.

"அம்மா, பயப்படாதீங்க. லிப்ட் கம்பெனிக்காரன் பேசறேன்" என்றான்.

உள்ளே ஒரு அலறல். ஏதோ உருண்டு விழுந்தது.

"யாரு! சுவத்துலேருந்து யாரு பேசறது?"

"லிப்ட்ல ஒண்ணுமில்லம்மா. எனக்கு ஒரு உதவி. சலவைக்கூடத்துல என் தங்கச்சி இருக்கா." பெயரைச் சொன்னான். "ஓடிப் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். பெட்டி திறந்திருக்குன்னு. அண்ணன் சொன்னாருன்னு சொல்லுங்க."

"என்ன பெட்டி?"

"அவளுக்குப் புரியும். குழந்தை விஷயம்மா. ஒரு நிமிஷம் தாமதிச்சாலும் போச்சு."

 இன்னொரு குரல், வயதான குரல், "குழந்தைங்கறாரேடி" என்றது. முதல் குரல் பதறிக்கொண்டு கேட்டது: "ஐயா, நீங்க எவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டிருக்கீங்க?"

"இப்பத்தான் வந்தேன். ஒண்ணும் காதுல விழலம்மா" என்றான் பூட்டு. அன்று அவன் சொன்ன ஒரே பொய் அதுதான்.

லிப்ட் நின்றது. கதவு திறந்தது. தடதடவென்று காலடி ஓடுவது கேட்டது. தேய்ந்துபோகும்வரை கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தான். மணி பதினொன்று முப்பத்தொன்று.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். மனைவி மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். அப்பா ஒரு தடவை "டேய்" என்றார், பேனாவைத் திறந்தார், மறுபடி மூடிவைத்தார். பூட்டுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அதே நேரம் அந்த டேப்லெட்டுக்குச் சட்டம் அடித்த தன் கையையும் வெட்டிப்போட வேண்டும்போல இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிக்கூடம் ஆட்டோவில் கால் மணி நேரம். ஆட்டோ கிடைத்திருக்குமா? அந்தப் பெண் சரியாகச் சொன்னாளா? பைத்தியக்காரன் எவனோ லிப்டுக்குள் உளறுகிறான் என்று விட்டிருந்தால்? பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டே கால் ஆனது. பன்னிரண்டரை ஆனபோது, அங்கே பள்ளிக்கூட மணி அடிப்பது இங்கே காதில் விழுவதுபோல அவனுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

பன்னிரண்டு முப்பத்தாறுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அண்ணா."

"குழந்தை?"

"இருக்கா. என்கிட்டதான் இருக்கா." தங்கைக்கு மூச்சு இரைத்தது. பின்னால் பஸ் நிலையத்தின் கூச்சல். "பன்னெண்டு அடிக்கறதுக்குள்ளயே போய் வாங்கிட்டேன். ஆட்டோல திரும்பறோம், தெரு முனையில அவர் கார் எதிர்ல வருதுண்ணா. இவ பாத்துட்டா. அப்பா காருன்னு கத்திட்டா. கையை வேற நீட்டினா."

"ஐயோ."

"தலையைப் பிடிச்சு மடியில அமுக்கிட்டேன். வலிக்குதும்மான்னு அழுதா. அவர் வாசல் பக்கமே பாத்துக்கிட்டுப் போனார், எங்களைப் பாக்கல."

பூட்டு தரையில் உட்கார்ந்தான். மனைவி பக்கத்தில் வந்து காதை வைத்துக்கொண்டாள்.

"எப்படிண்ணா தெரிஞ்சது அவருக்கு?"

அவன் மறைக்கவில்லை. புதுப் போன், புள்ளி, டேப்லெட், எல்லாவற்றையும் சொன்னான். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. 

"சரி, நீ எந்தப் பஸ் ஏறப்போற?" என்றான். "ஊரைச் சொல்லு. நான் இப்பவே கிளம்பறேன். புதுப் போன் வாங்கி எல்லாம் நானே—"

"வேணாம்ணா."

"தனியா எப்படி சமாளிப்ப?"

"போனை அலமாரியிலேயே போட்டுட்டு வந்துட்டேன். இது இங்க ஒரு அம்மாவோடது. சும்மா கேட்டுக் குடுத்தாங்க. இனிமே எங்க இருக்கேன்னு உனக்குத் தெரிய வேணாம்."

"அப்பாகிட்ட நான் மூச்சு விடமாட்டேன்."

"இப்பவும் நீ விடலையே." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீ யார்கிட்டயும் சொல்லலண்ணா. அப்படியும் போயிடுச்சு. நீ நல்லவன். உன்னைவிட ஜாக்கிரதையானவனை நான் பாத்ததில்ல. உன்கிட்ட இருந்தே போயிடுச்சுன்னா, நான் வேற என்ன பண்றது?"

பூட்டு போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். 

"ஒண்ணு பண்ணு. பெட்டியில இருக்கற எங்க படத்தை எல்லாம் அழிச்சிடு. அண்ணி பீரோவுல இன்னொரு டிஸ்க்ல நகல் வெச்சிருக்கியே, அதுலயும்."

"எல்லாத்தையுமா? ஏழு மாசத்தையுமா?"

"அவ பிறந்ததுலேருந்து" என்றாள் தங்கை. "பஸ் எடுக்கறாங்க. வெச்சிடறேண்ணா."

பூட்டு எழுந்துபோய் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தான். தங்கை பெயருக்குக் கீழே நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு படங்கள். துணியில் சுற்றிய சிசுவில் ஆரம்பித்து, பல் விழுந்த வாயில் முடிந்தன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தான். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் வந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணை வெச்சுக்கடா. அவளுக்கு எங்க தெரியப்போகுது?"

பூட்டு திரும்பிப் பார்க்கவில்லை. அழுத்தினான். பெட்டி அலமாரிக்குள் முனகியபடி அரை நிமிடத்தில் வேலையை முடித்தது. பீரோவிலிருந்து மனைவி இரண்டாவது டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். அதிலும் அழித்தான். பிறகு, அழித்ததை மீட்கவும் வழி உண்டு என்று தெரிந்தவன் ஆனதால், அந்த இடத்தின் மேல் வெறும் பூஜ்யங்களை எழுதச் சொன்னான். அது முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று காட்டியது. முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்திருக்கவே மாட்டான் என்று தெரிந்த பிறகுதான் அப்பா கேட்டார்.

"எந்த ஊருக்குப் போறாளாம்?"

"தெரியாதுப்பா."

"என்கிட்ட சொல்ல வேணாம்னாளா?"

"என்கிட்டயே சொல்லலப்பா" என்றான் பூட்டு.

அப்பா அவன் தோளைத் தொடக் கையை நீட்டினார். தொடாமல் இழுத்துக்கொண்டார். பூட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பையன் அழுவதுபோல வாய்விட்டு அழுதான்.